அக்கா மகளின் வாய்

என் அக்கா மகளுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். செம்பாக்கத்தில், தாம்பரம்–வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் அவர்கள் வீடு. வீட்டில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அவளுக்கு அது பிடிக்காது என்று தெரிந்தும் யாருக்கும் நாக்கில் வேறு பெயர் வருவதில்லை. சொந்தக்காரர்கள் மத்தியில் அவளைப் பற்றி ஒரே பேச்சுதான், அந்தப் பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி. பள்ளிக்கூடத்தில் அதையே ஆட்டிட்யூட் என்கிறார்கள். எனக்கு இதில் வேறு அபிப்பிராயம் உண்டு. அது கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய அபிப்பிராயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் அப்படி என்னதான் பேசுகிறாள் என்று சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த சமயத்தில் பள்ளி வாசலில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளின் முகங்கள் தீப்பெட்டி அளவில் வரிசையாக, மேலே தாளாளரின் படம் ஆள் உயரத்தில். அவள் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "சார் படம்தான் பெருசா இருக்கு. அவரு எவ்வளவு மார்க் சித்தி?"

பி.டி. பீரியடைக் கணக்கு வகுப்புக்கு எடுத்துக்கொண்ட ஒரு நாள், விளையாட்டு எப்படிப் போச்சு என்று அவள் அப்பா கேட்டதற்கு, "நல்லாப் போச்சுப்பா, இன்னிக்கு இன்டகிரேஷன் விளையாடினோம்" என்றாள். பள்ளியில் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டு, பெண் பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டு. தவறிப்போய் அந்தப் பக்கம் இறங்கியதற்கு விசாரணை வைத்தார்களாம். "ரெண்டு படிக்கட்டும் ஒரே மாடிக்குத்தானே மிஸ் போகுது" என்று சொல்லியிருக்கிறாள். டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள்.

அந்தக் குறிப்பை அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியபோது நான் திரும்பத் திரும்ப யோசித்தது ஒன்றைத்தான். இதில் எது பொய்? மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியது. பிள்ளைகளை ரேங்க் போட்டு ஒப்பிடக்கூடாது, தோற்ற பிள்ளை மனசு உடைந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அடுத்து 1200 மதிப்பெண்ணை 600 ஆகக் குறைத்தார்கள். ஆனாலும் புறநகர் முழுக்கப் பள்ளி மதில்களில் முகங்களும் மார்க்குகளும் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரியவர்கள் நாம் தினமும் அதைக் கடந்து போகிறோம். நின்று பார்த்துக் கேள்வி கேட்டவள் அந்தப் பெண்.

அவர்கள் ஏரலிலிருந்து வந்தவர்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஊர். அத்தானுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்து, 2023 ஜூனில் குடும்பமாகச் சென்னைக்கு வந்தார்கள். அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். ஏரலில் கடைத்தெரு வழியாகப் பள்ளிக்கு நடந்து போவாள். அங்கே பாதிக் கடைக்காரர்களுக்கு அவள் இன்னார் பேத்தி. செம்பாக்கத்தில் அவள் எஃப்-2 வீட்டுப் பெண்.

வந்த புதிதில் தமிழ் வகுப்பில் எழுந்து வாசிக்கும்போது அந்த ஊர் இழுவையைக் கேட்டுப் பின்வரிசை சிரித்தது. அப்புறம் இரண்டு மூன்று பையன்கள் அவள் எதிரே வரும்போதெல்லாம் "ஏலேய்" என்று கத்த ஆரம்பித்தார்கள். சினிமா பார்த்துப் பார்த்து அவர்களுக்குத் தூத்துக்குடி என்றால் அரிவாள்தான். "உங்க ஊர்ல எல்லாரும் அருவா வச்சிருப்பீங்களா?" என்று ஒருத்தி நிஜமாகவே கேட்டாளாம். "ஆமா, பென்சில் பாக்ஸ்ல வைக்கிற சைஸ்லகூட இருக்கு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரிக்காமல், அவள் சொன்னதற்குச் சிரித்தது. அவளுடைய நக்கல் அங்கேதான் பிறந்தது என்று நினைக்கிறேன். ஏரலில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அங்கே அதற்குத் தேவையே இருக்கவில்லை.

செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று அந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது செம்பாக்கம் நகராட்சியும் அதில் சேர்ந்தது. விழுப்புரம், தஞ்சாவூர், மதுரை, நெல்லை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து, லோன் போட்டு வீடு வாங்கி, காலையில் கம்பெனி பஸ் ஏறி இரவில் திரும்புகிறவர்கள்தான் பெரும்பாலும். அவரவர் சொந்த ஊர் வேறெங்கோ இருக்கிறது. பொங்கலுக்கு அங்கே போய்விடுகிறார்கள், தெரு காலியாகிவிடுகிறது. இப்படி எல்லாருமே வெளியூராக இருக்கும் இடத்தில்கூட, கடைசியாக வந்த பிள்ளைதான் வெளியூர் என்று ஆகிவிடுகிறது.

அந்தப் பக்கத்தை அவள் போல உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு. ஏரியைப் பெயரில் வைத்துக்கொண்ட ஓர் அடுக்குமாடி உண்டு. அங்கே குடியிருக்கும் ஒரு பெரியவர் 2015 டிசம்பரில் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று அவளுக்குக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து எங்களிடம் சொன்னாள்: "லேக் வியூன்னு பேரு வச்சாங்களாம். லேக்கே உள்ள வந்து வியூ பார்த்துட்டுப் போயிருக்கு."

அவள் வந்த முதல் வருஷமே டிசம்பரில் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மழை ஓயவே இல்லை. அவர்கள் கட்டடத்தில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்தது, மின்சாரம் போனது. கீழ்வீட்டில் இருந்த வயதான தம்பதியை மேலே அழைத்து வந்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய மாத்திரை டப்பாவையும் பென்ஷன் புத்தகத்தையும் முட்டளவு தண்ணீரில் இறங்கிப் போய் எடுத்து வந்தவள் இவள்தான். இதைப் பள்ளியில் யாருக்கும் சொல்லவில்லை.

அந்த ஈரம் காய்வதற்குள், டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போக, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்துவிட்டது. அப்போது அவளுடைய ஆச்சி, அத்தானின் அம்மா, ஏரல் வீட்டில் தனியாக இருந்தார். போன் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் போகவில்லை. டிவியில் ஊர்ப் பெயர் வந்தால் அக்கா வீட்டில் எல்லாரும் ஓடி வந்து நிற்பார்கள்.

அரையாண்டுத் தேர்வு நேரம் அது. அவள் பள்ளியில் போய், தூத்துக்குடிக்குத் துணிமணியும் அரிசியும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாள். "நம்ம ஊர் தண்ணியே இப்பத்தான் வடிஞ்சிருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. "சரி மிஸ், தண்ணிக்கும் பின்கோடு இருக்கும்போல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் டைரி, மறுபடியும் சிவப்பு மை. ஆச்சியிடமிருந்து ஒரு தகவலும் இல்லாமல் அந்தப் பிள்ளை பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது அங்கே யாருக்கும் தெரியாது.

ஆச்சி பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டில் பத்திரமாக இருந்தது பிறகு தெரிந்தது. பொங்கலுக்கு முன் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் அக்கா அவளிடம் கேட்டாள், ஆச்சியைக் காணோம், பயமாக இருக்கிறது என்று மிஸ்ஸிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று. "சொன்னா எல்லாரும் பாவம் பார்ப்பாங்கம்மா. அதுக்கு டைரியில எழுதுறது பரவாயில்ல" என்றாள்.

இந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்த வயதுப் பிள்ளையின் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது? எந்த குரூப், எந்த டியூஷன், எத்தனை மணிக்கு எழுவது, தலைமுடியை எப்படிப் பின்னுவது, யாரோடு பேசுவது, எல்லாம் பெரியவர்கள் எடுத்த முடிவு. இது தப்பு என்று நேராகச் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள் என்றாகிவிடும். வலிக்கிறது என்று சொன்னால் பரிதாபத்துக்கு ஆளாக வேண்டும். நக்கலாகச் சொன்னால் உண்மையையும் சொல்லலாம், மாட்டிக்கொண்டால் "சும்மா சொன்னேன்" என்று விலகியும் கொள்ளலாம். தோற்றுப்போகாமல் உண்மை பேச அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது. அந்த வழியையும் அடைத்துவிட்டால் அவள் பேசுவதையே நிறுத்திவிடுவாள். வாய் ஜாஸ்தி என்று குறைப்படுகிறவர்கள், வாயே திறக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் வீடுகளைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

ஆச்சியைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அவருடைய பேச்சைக் கேட்டால் இவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அக்கா வைத்த சாம்பாரைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "பருப்பு ஊருக்கா போயிருக்கு?" என்பார். அக்கா உட்பட எல்லாரும் சிரிப்போம். அத்தானின் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் பாதிப் பேச்சு வடிவேலு முகத்தை வைத்துத்தான் நடக்கிறது. கவுண்டமணியின் நக்கலைச் சொல்லிச் சொல்லி மூன்று தலைமுறை சிரித்துவிட்டது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அவள் தம்பி அதே மாதிரி ஒன்று சொன்னால், பயல் கில்லாடி என்று தட்டிக்கொடுக்கிறார்கள். இவள் சொன்னால் அதே ஆச்சி, "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாதுட்டி" என்கிறார். நக்கலை இவ்வளவு கொண்டாடும் ஒரு சமூகம் அதை வயதான பெண்ணுக்கும் எந்த வயது ஆணுக்கும் கொடுத்துவிட்டு, வளர்கிற பெண்ணிடம் மட்டும் பறித்துக்கொள்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன்னால் அவர்கள் பள்ளிக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து வந்தார்கள். இது இப்போது பல பள்ளிகளில் நடக்கிறது. பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, சோகமான இசை போட்டு, உங்கள் அப்பாவின் தேய்ந்த செருப்பை நினைத்துப் பாருங்கள், அம்மாவின் கையில் இருக்கும் சூட்டுத் தழும்பை நினைத்துப் பாருங்கள் என்று சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஒவ்வொருவராக அழுவார்கள். அன்றும் கூடம் முழுக்க அழுதது. இவள் அழவில்லை. ஒரு ஆசிரியை வந்து, "ஏம்மா, உனக்கு அழுகையே வரலையா?" என்று கேட்டார். "எங்க அப்பா நல்லா இருக்காரு மிஸ்" என்றாள். அக்காவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கல்மனசு என்கிற மாதிரி ஏதோ சொன்னார்களாம்.

அத்தானுக்கு செகண்ட் ஷிப்ட் வரும் வாரங்களில் கம்பெனி பஸ் கேம்ப் ரோட்டில் இறக்கிவிடும்போது இரவு மணி 12:30 ஆகிவிடும். அக்கா விடியற்காலை எழ வேண்டும் என்பதால் படுத்துவிடுவாள். மகள் விழித்திருப்பாள். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். தோசையும் மிளகாய்ப் பொடியும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். "ஓவர்டைம் காசுல பிளேன் எப்பப்பா வாங்குறோம்?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். அவருக்கு வலது முழங்காலில் வலி என்பதை வீட்டில் முதலில் கவனித்ததும் அவள்தான். மாடி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார் சித்தி, அம்மாவிடம் சொன்னால் மறைப்பார், நீ கூட்டிப் போ என்று எனக்குப் போன் செய்தாள். கூட்டிப் போய்க் காட்டினோம். அன்பைக் கூடத்தில் உட்கார்ந்து காட்ட மறுத்த பிள்ளையின் அன்பு இப்படித்தான் இருக்கிறது. அதை அளந்து பார்க்க அந்த மைக்கும் இசையும் போதவே போதாது.

இன்னொரு பக்கம், அவள் காலையில் எரிச்சலாக இருக்கிறாள் என்பதும் நிஜம். ஸ்பெஷல் கிளாஸ் 7:30-க்கு. டியூஷன் முடிந்து வர இரவு 8:30 ஆகும். வீட்டுப்பாடம், அப்புறம் அப்பா. இந்த வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் உடம்பில் சுரப்பதே இரவில் தாமதமாகத்தான். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பெரிய வகுப்புகளைக் காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014-இலேயே சொன்னது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே ஆகிவிட்டது. இங்கே நாம் தூக்கம் பறிபோன பிள்ளையின் முகத்தைப் பார்த்து, ஏன் உர்ரென்று இருக்கிறாய் என்று கேட்கிறோம்.

பிளஸ் ஒன் பொதுத் தேர்வு கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2017–18-இல் அதைக் கொண்டுவந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறையும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் இவள் வகுப்பில் சனிக்கிழமைகளில் பிளஸ் டூ பாடம் இப்போதே தொடங்கிவிட்டது. "லெவன்த்னு ஒரு கிளாஸ் இருந்துச்சாம் சித்தி, ஹிஸ்டரி புக்ல வரும்" என்கிறாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவள் பக்கம் நிற்கவில்லை. தம்பி பள்ளி கிரிக்கெட் டீமில் சேர முடியாமல் முகம் வாடி வந்த அன்று, அவள் சொன்ன ஒரு வார்த்தையில் அவன் உடைந்து அழுதான். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. உன்னைவிடப் பெரியவர்களிடம் என்ன வேண்டுமானாலும் பேசு, உன்னைவிடச் சின்னவனிடம் இது வேண்டாம், அவனிடம் திருப்பித் தர எதுவும் இல்லை என்று சொன்னேன். பதில் பேசவில்லை. மறுநாள் மொட்டை மாடியில் இருட்டும்வரை அவனுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தாள் என்று அக்கா சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை சும்மா நிற்க இடம் கிடையாது. பையன்களுக்கு டீக்கடை வாசல், காலி மனை, பைக்கின் மேல் உட்கார்ந்து பேச ஒரு தெருமுனை. பெண் பிள்ளைக்கு வீடு, பள்ளி, டியூஷன், கோயில். அதனால் நான் போகும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஏரிக்கரைக்குப் போய்விடுவோம். செம்பாக்கம் ஏரி நிறைந்தால் தண்ணீர் நன்மங்கலம் ஏரிக்குப் போய், பிறகு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். பள்ளிக்கரணை 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இதெல்லாம் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். முக்குளிப்பான் எது, நாமக்கோழி எது, நீலத் தாழைக்கோழி எப்படிக் காலை எடுத்து வைக்கும் என்று காட்டுவாள். அங்கே பேசும்போது அவள் குரலில் நக்கலே இருக்காது. கவனித்துப் பார்த்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

அந்தக் கரையில் வைத்து ஒரு நாள் அவளுக்கு ஔவையார் கதையைச் சொன்னேன். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். அவர் சொல்கிறார்: இங்கே இருக்கும் கருவிகள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள வீட்டில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்பதற்குப் பாராட்டு. உள்ளே இருப்பதோ, நீ போரே பார்க்காதவன் என்ற செய்தி. செம்பாக்கமும் அந்தத் தொண்டை மண்டலத்து மண்தான்.

அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "அவங்கள யாரும் பேரண்டைக் கூட்டிட்டு வான்னு சொல்லலையா?" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில் சொன்னாள்: "அதியமான் அவங்க பேச்ச நம்பி அனுப்பியிருக்கார்ல சித்தி." நான் அந்தப் பாட்டை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குத் தனியாகப் போய்வர அவளுக்கு இப்போது அனுமதி கிடைத்திருக்கிறது. லேசில் கிடைக்கவில்லை. வேளச்சேரி வரை பஸ், அங்கிருந்து பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஒவ்வொரு முறையும் காசு கேட்டுக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு பள்ளி மாணவிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அங்கே யாரும் என்ன குரூப் என்று கேட்பதில்லையாம். அவள் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண்ணும் இப்போது கூடப் போகிறாள். பெருங்களத்தூர் பக்கம் தையல் கடை வைத்திருப்பவரின் மகள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் படித்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார்களாம்.

அக்காவிடமும் ஒரு மாற்றம். பள்ளி விட்டு வந்தவளிடம் "இன்னிக்கு என்ன நடத்துனாங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். "இன்னிக்கு எது கடுப்பா இருந்துச்சு?" என்று கேட்கிறாள். இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் வருகிறது. சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள்.

இப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது காலேஜ் பேச்சு. அத்தானுக்கு இன்ஜினீயரிங் கவுன்சிலிங்தான் மனசில் இருக்கிறது. அவளுக்கு விலங்கியல். கிழக்குத் தாம்பரத்திலேயே மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் இருக்கிறது. 1837-இல் தொடங்கி, 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறி, மரமும் புதரும் மானும் நிறைந்த வளாகமாக இருக்கும் இடம். அங்கே சேர வேண்டும் என்கிறாள். அத்தான் கோபப்படவில்லை. "அதப் படிச்சா என்ன வேலைக்குப் போகலாம்? சம்பளம் என்ன வரும்?" என்று கேட்டார். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் சரியான கேள்வி. வீட்டு லோன் இன்னும் பல வருஷம் இருக்கிறது.

பக்கத்தில் இருந்த நான் அவள் ஏதாவது சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். வனத்துறையில் டிஎன்பிஎஸ்சி வழியாகப் போகும் பதவிகள், இந்திய வனப் பணித் தேர்வு, கோயம்புத்தூர் ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவை ஆராய்ச்சி மையம், மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் மேற்படிப்பு, ஆசிரியர் வேலை என்று வரிசையாக. எதற்கு என்ன தேர்வு, எத்தனை வருஷம் ஆகும் என்று தனித்தனியாக. சம்பளம் தெரிந்ததற்கு எழுதி, தெரியாததற்கு "விசாரிக்கணும்" என்று போட்டிருந்தாள். இரண்டு பக்கம் நிறைந்தது. அதில் ஒரு வரிகூட நக்கல் இல்லை.

அத்தான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். கூட வேலை பார்ப்பவர் ஒருவரின் தங்கை மகள் சத்தியமங்கலம் பக்கம் வனத்துறையில் இருக்கிறாளாம், நம்பர் வாங்கி வருகிறேன், நீயே பேசு என்று சொல்லியிருக்கிறார்.